கீபோர்டில் ஓர் எலுமிச்சம்பழம்

பக்கத்தில் ஒருவர் தும்மினால், ராஜபாளையத்தில் யாராக இருந்தாலும் "நூறு ஆயுசு" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார்கள். "எங்க, இன்னொரு தடவ தும்மிக் காட்டு" என்று கேட்கக்கூடிய மனிதர் இந்தப் பூலோகத்திலேயே ஒருவர்தான் இருந்தார். நான் வேலை பார்த்த பேண்டேஜ் துணி மில்லில் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொண்டவர் அவர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. முகத்துக்கு நேரே அண்ணாச்சி. முதுகுக்குப் பின்னால் 'செஞ்சுகாட்டு'.

பிரிண்டர் ஓடவில்லை என்று போய் நின்றால், வேறு யாராக இருந்தாலும் பிரிண்டரைப் பார்ப்பார்கள். இவர் நம்மைப் பார்ப்பார்.

"என்ன செஞ்ச?"

"ஒண்ணும் செய்யல அண்ணாச்சி. பிரிண்ட் குடுத்தேன், வரல."

"செஞ்சு காட்டு."

செய்து காட்டுவோம். பிரிண்டர் சமர்த்தாகக் காகிதத்தைத் துப்பும். "வருதுல்லா?" என்பார். "இப்ப வருது அண்ணாச்சி, அப்ப வரல" என்றால் விட மாட்டார். "அப்பிடின்னா அப்ப என்ன செஞ்சயோ அதச் செய்யி." நாம் எந்தக் கையால் எந்தப் பட்டனை அமுக்கினோம், அப்போது நின்றுகொண்டிருந்தோமா, உட்கார்ந்திருந்தோமா என்பது வரைக்கும் விசாரணை நடக்கும். ஒரு பில்லை எடுக்கப் போனவன் போலீஸ் ஸ்டேஷனில் இருந்து வெளியே வருகிற முகத்தோடு வருவான்.

ஒருமுறை தறி மேஸ்திரி ஆபீஸ் படியில் வழுக்கி விழுந்துவிட்டார். எல்லோரும் தண்ணீர் எடுக்க ஓடினோம். அண்ணாச்சி மட்டும் படியையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். "மேஸ்திரி, எந்தக் கால மொதல்ல வச்சிய? செத்த எந்திரிச்சி வச்சுக் காட்டுங்க" என்றார். மேஸ்திரி மரியாதைக்காரர். எழுந்து, அதே காலை அதே படியில் வைத்து, அதே மாதிரி விழுந்தும் காட்டினார். "ஆங், இப்பப் புரியிது" என்று அண்ணாச்சி திருப்தியோடு சொன்னார். மேஸ்திரியின் இரண்டு முழங்காலிலும் கட்டுப் போட்டோம். கட்டுப் போடும் துணிக்கு எங்கள் மில்லில் என்றைக்கும் குறைவில்லை.

இந்தக் குணத்தால் அவருக்குக் கல்யாணமும் தட்டிப்போயிற்று. பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் அப்பா பேச்சுவாக்கில், "மாப்ளைக்குக் கோவம் கீவம் வருமா?" என்று கேட்டிருக்கிறார். உலகத்தில் உள்ள எல்லா மாப்பிள்ளைகளும் அந்த இடத்தில் சிரித்து மழுப்புவார்கள். இவர், "வரும். ஆனா எப்ப வரும்னு இன்னும் பிடிபடல. இனிமே வந்தா, என்ன செஞ்சப்ப வந்துச்சுன்னு கவனிச்சுச் சொல்லுதேன்" என்றாராம். பெண் வீட்டார் பேசாமல் பஜ்ஜித் தட்டை உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதற்குப் பிறகு அவரும் தேடவில்லை, அவருக்காகத் தேடவும் யாரும் இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில், தேரடிக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையில் தனியாக இருந்தார். நானும் அதே ஊர்தான். காலையில் ராஜபாளையம் பஸ்ஸுக்கு ஒரே நிறுத்தத்தில் நிற்போம். தெரிந்தவர்கள் அவர் பக்கத்து சீட்டை விட்டுவிட்டு, படியில் தொங்கிக்கொண்டுகூட வருவார்கள். "பஸ் லேட்டு" என்று வாய் தவறிச் சொன்னால், எந்த நிறுத்தத்தில் இருந்து லேட்டு என்று கேட்பாரே! எனக்கு நின்றுகொண்டு வந்தால் தலை சுற்றும். அதனால் அந்த சீட்டு எனக்கென்றே ஆகிவிட்டது.

இனி எலுமிச்சம்பழத்துக்கு வருகிறேன்.

எங்கள் முதலாளிக்கு இலவசம் என்றால் உயிர். ஆபீஸில் எந்த ஊருக்கு எவ்வளவு சரக்கு போனது என்று கட்டம் கட்டமாகப் பதிவதற்கு ஒரு இலவசப் புரோகிராம் வைத்திருந்தோம். யாரோ முகம் தெரியாதவர்கள் உலகத்தின் பல மூலைகளில் உட்கார்ந்து, சம்பளம் வாங்காமல் சேர்ந்து எழுதிய புரோகிராம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். தப்பு ஏதாவது கண்ணில் பட்டால் இணையத்தில் அதற்கென்று உள்ள பக்கத்தில் எழுதலாம். அவர்களும் படித்துப் பதில் போடுவார்கள், முடிந்தால் திருத்துவார்கள், திருத்திய பிறகு அந்தப் புகாரை மூடிவிடுவார்கள்.

ஒரு வருஷம் ஆயுத பூஜை. ஓடுகிற மெஷினுக்குத்தான் பூஜை போட வேண்டும் என்பது முதலாளியின் கட்சி. அதனால் கம்ப்யூட்டரையும் அணைக்காமல், சரக்குக் கணக்கு திறந்திருந்தபடியே சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, மாலை போட்டார்கள். கணக்குப்பிள்ளை கற்பூரம் காட்டி, ஒரு எலுமிச்சம்பழத்தைக் கீபோர்டின் நடுவில் வைத்தார். புளியங்குடிப் பழம், நல்ல கனம். எங்கள் கீபோர்டும் விசையெல்லாம் தளர்ந்துபோன கிழட்டுக் கீபோர்டு. பூஜைக்கு வைத்ததை மறுநாள் வரைக்கும் தொடக் கூடாதே! பொரிகடலையை வாங்கிக்கொண்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டோம்.

மறுநாள் வந்து பார்த்தால், சரக்குக் கணக்கு முழுவதும் 'ஜே' என்ற எழுத்து. மதுரைக்குப் போனது, திருச்சிக்குப் போனது எல்லாம் அழிந்து, ஏற்கெனவே சேமித்து வைத்திருந்ததும் சேர்ந்து போய், பக்கம் பக்கமாக ஜே. முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"ஏமய்யா, யாரு இந்த ஜே? அம்புட்டு சரக்கும் அவனுக்கா போயிருக்கு?"

எல்லோரும் தலையில் கை வைத்திருக்க, அண்ணாச்சியின் முகத்தில் மட்டும் ஒரு வெளிச்சம். கணக்குப்பிள்ளையிடம் போனார்.

"நேத்து என்ன செஞ்சிய?"

"பூசை வச்சேன்."

"வச்சுக் காட்டுங்க."

சாதாரண செவ்வாய்க்கிழமையில் ஆயுத பூஜை போட மாட்டேன் என்று கணக்குப்பிள்ளை எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அண்ணாச்சி அவரை விட்டால்தானே! அடுத்த வாரம், கணக்கைத் திரும்பப் பதிந்து ஒரு நகலும் எடுத்து வைத்துவிட்டு, மறுபடி சந்தனம், குங்குமம், மாலை, கற்பூரம். மணிச்சத்தம் கேட்டதும் தறிக்காரர்கள் தறியை நிறுத்திவிட்டு வந்து வரிசையில் நின்றார்கள். முதலாளி பதறியடித்து ஓடி வந்தார்.

"இன்னைக்கு என்னய்யா பூசை?"

"பூசை இல்ல முதலாளி, டெஸ்டிங்" என்றார் அண்ணாச்சி.

"அப்ப பொரி கெடையாதா?" என்று வரிசையில் இருந்து ஒரு குரல் வந்தது. கடைசியில் பொரி வாங்கிக் கொடுத்துத்தான் தறியை ஓட்டவேண்டி வந்தது. ஆனால் மறுநாள் காலையில் ஆபீஸைத் திறந்து பார்த்தால், மறுபடியும் ஜே! அண்ணாச்சி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அன்றைக்கே அந்தப் பக்கத்தில் புகாரை எழுதினார். முதலில் சந்தனம், பிறகு குங்குமம், பிறகு மாலை, கற்பூரம், எலுமிச்சம்பழம், மறுநாள் வரை தொடாமல் விடுதல் என்று ஒன்றுவிடாமல் வரிசையாக எழுதினார். எந்தக் கையால் வைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொண்டார்.

அந்தப் புரோகிராமைப் பார்த்துக்கொள்கிறவர்களில் இங்க்ரிட் என்று ஒரு அம்மாள். வருஷத்தில் பாதி நாள் பனி பெய்யும் ஊர்க்காரர். நல்ல மனுஷி. "கீபோர்டில் எலுமிச்சம்பழம் ஏன் இருந்தது என்று தெரிந்துகொள்ளலாமா?" என்று கேட்டார். அண்ணாச்சி கருவிகளைப் பற்றியும் சரஸ்வதியைப் பற்றியும் நீளமாக விளக்கம் எழுதினார். இங்க்ரிட் கடைக்குப் போய்ப் பழம் வாங்கி வைத்துப் பார்த்தார். விசை அமுங்கவில்லை. கனமான புத்தகத்தை வைத்துப் பார்த்தார். எழுத்து வந்ததே தவிர, கணக்கு அழியவில்லை. 'இங்கே செய்து பார்த்தேன், வரவில்லை' என்று பதில் போட்டார்.

அண்ணாச்சி அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். 'நீ சொன்ன கோளாறு வரலியே' என்று வாழ்நாள் முழுக்க ஊருக்கே சொன்னதை முதல் தடவையாக அவரைப் பார்த்து ஒருவர் சொல்லியிருக்கிறார்.

"பழத்துலதாம்லே கோளாறு. அந்த ஊருப் பழம் வத்தலும் தொத்தலுமா இருக்கும்" என்று புளியங்குடிப் பழத்தைக் கூரியரில் அனுப்பப் போனார். கூரியர்காரர், "வெளிநாட்டுக்குப் பழம் போகாது அண்ணாச்சி. ஊறுகான்னா சொல்லுங்க, அனுப்பிருவோம்" என்றார். அண்ணாச்சி கொஞ்ச நேரம் உண்மையாகவே யோசித்தார். "ஊறுகாய கீபோர்டுல வச்சா அது வேற பிரச்சனைல்லா" என்று திரும்பி வந்துவிட்டார்.

வருஷங்கள் ஓடின. புகார் அப்படியே திறந்து கிடந்தது. வேறு யாருக்கும் அந்தத் தப்பு வரவில்லை. வந்து படித்தவர்கள் சிலர் கேலியாக இரண்டு வரி எழுதிவிட்டுப் போனார்கள். இங்க்ரிட் மட்டும் எப்போதாவது ஒரு கேள்வி கேட்பார். மற்றபடி, அந்தப் பக்கத்தில் ஒரு தானியங்கி இருந்தது. ரொம்ப நாள் அசைவில்லாமல் கிடக்கும் புகார்களில் அதுவாகவே வந்து எழுதும்: 'இந்தப் பிரச்சினை இன்னும் இருக்கிறதா? பதில் இல்லையென்றால் மூடப்படும்.'

அது வந்த நாளில் அண்ணாச்சி தேய்த்த சட்டை போட்டு வருவார். வரும்போதே மார்க்கெட்டில் பழம் வாங்கிவிடுவார். சாயங்காலம் வைத்து, காலையில் பார்த்து, ஜே இருப்பதை உறுதி செய்துகொண்டு, 'இன்னும் இருக்கிறது. கேட்டதற்கு நன்றி. நலம், நலமறிய அவா' என்ற தோரணையில் பதில் போடுவார்.

"அது மெஷினு அண்ணாச்சி. அதுக்குப் போயி நலம் விசாரிக்கிய?" என்று ஒருநாள் பஸ்ஸில் கேட்டேன்.

"தெரியும்லே. மெஷின்னா என்ன? கேக்குதுல்லா."

அவர் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அவர் போனுக்கு கரண்ட் பில் கட்டச் சொல்லியும் கேஸ் சிலிண்டர் பதிவாகிவிட்டது என்றும் செய்தி வரும். வேறு யாரும் அதில் பேசி நான் பார்த்ததில்லை. சனிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினால், திங்கட்கிழமை காலையில் என்னிடம் பேசும்போது குரல் கரகரவென்று வரும். இடையில் அந்தத் தொண்டைக்கு வேலையே இருந்திருக்காது. அந்தப் பக்கத்தில் அவர் புகார் திறந்திருக்கும் வரைக்கும் உலகத்தில் ஒரு இடத்தில் அவருக்குக் கணக்கு இருந்தது.

அப்போதுதான் பூனை வந்தது.

எங்கோ ஒரு நாட்டில் ஒரு பள்ளிக்கூட டீச்சர். பிள்ளைகளின் மார்க்கைப் பதிந்துவிட்டுப் படுத்திருக்கிறார். அவருடைய பூனை கீபோர்டின் மேல் ஏறித் தூங்கியிருக்கிறது. காலையில் மார்க்கெல்லாம் போய், பக்கம் பக்கமாக வேறு ஏதோ ஒரு எழுத்து. அண்ணாச்சியின் புகாருக்குக் கீழே டீச்சர் அழாத குறையாக எழுதியதும் பக்கம் அல்லோலகல்லோலப்பட்டது. எங்கள் வீட்டிலும் பூனை, எங்கள் வீட்டிலும் பூனை என்று ஆளாளுக்கு வந்தார்கள். புகாரின் தலைப்பில் இருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்துவிட்டுப் பூனையைப் போட்டுவிட்டார்கள்.

அண்ணாச்சிக்கு ஏற்பட்ட அவமானம் கொஞ்சநஞ்சம் இல்லை.

"எங்க ஊரு எலுமிச்சம்பழத்த நம்பல. அவிய ஊரு பூனைய மட்டும் ஒடனே நம்புதாவ பாரு!" என்று ஒரு வாரம் பஸ் முழுக்கப் பொருமினார். தெருவில் போகிற பூனையைக்கூட முறைத்தார்.

இங்க்ரிட் ஒரு நாள் அவர் பெயரைச் சொல்லியே கேட்டிருந்தார்: 'பூனை மூச்சு விட விட, விசை அமுங்கி அமுங்கி எழுந்திருக்கிறது. அதனால்தான் தப்பு வருகிறது. உங்கள் பழமும் ஆடியதா? உங்கள் அறையில் காற்று ஏதும் உண்டா?'

அண்ணாச்சி மெல்ல அண்ணாந்து பார்த்தார். நானும் பார்த்தேன். தலைக்கு மேல் ஃபேன் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் அந்த ஆபீஸுக்கு வந்த நாளில் இருந்து அது நின்றதே இல்லை. சந்தனத்தை எழுதியவர், குங்குமத்தை எழுதியவர், எந்தக் கை என்று எழுதியவர், ஃபேனை எழுதவில்லை. ராஜபாளையத்தில் ஃபேன் ஓடுகிறது என்பதை யார் எடுத்துச் சொல்லப் போகிறார்கள்? இங்க்ரிட்டின் ஊரில் ஃபேனே கிடையாது என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்?

"அடப்பாவி" என்றார் அண்ணாச்சி, ஃபேனைப் பார்த்து.

அதன்பின் எல்லாம் மளமளவென்று நடந்தது. இங்க்ரிட் புரோகிராமைத் திருத்தி, முதலில் அண்ணாச்சிக்கு அனுப்பினார். 'இதை முதலில் சொன்னவர் எலுமிச்சம்பழக்காரர்தான். அவர் சோதித்துச் சரி என்று சொன்ன பிறகுதான் எல்லோருக்கும் கொடுப்பேன், புகாரையும் மூடுவேன்' என்று எழுதினார். அண்ணாச்சி அன்று சாயங்காலமே பழத்தை வைத்தார். ஃபேனை முழு வேகத்தில் விட்டார். மறுநாள் காலையில் ஒரு வரிசையில் மட்டும் ஜே இருந்தது. ஆனால் சேமித்த கணக்கில் ஒரு எழுத்து குறையவில்லை. தப்பு போயே போய்விட்டது.

"எழுதிருவமா அண்ணாச்சி?" என்றேன்.

"இன்னொரு தடவ பாத்துருவோம்."

அடுத்த நாள் இரண்டு பழம் வைத்தார். பிறகு தேங்காய் மூடி. பிறகு திருஷ்டிப் பூசணிக்காயில் ஒரு கீற்று. ஈரத் துணியைக் கயிற்றில் கட்டி ஃபேன் காற்றில் ஆடவிட்டார். எதற்கும் கணக்கு அழியவில்லை. ஒவ்வொரு நாள் காலையிலும் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்துவிட்டு, ஏமாந்த முகத்தோடு நிமிர்வார். அங்கே எல்லோரும் இவர் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். இவரோ கண்ணெல்லாம் சிவந்து, தூங்காத முகத்தோடு வேலைக்கு வந்துகொண்டிருந்தார்.

ஒரு நாள் மத்தியானம், சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தார்.

"சரியாயிட்டுன்னு தெரியுதுல்லா. பொறவு ஏன் அண்ணாச்சி எழுத மாட்டேங்கிய?"

"எழுதுனா மூடிருவாவ."

"மூடட்டுமே. அதுக்குத்தான இம்புட்டுப் பாடுபட்டிய?"

"மூடிட்டா, பொறவு என்ட்ட யாருலே என்னத்தக் கேப்பா?"

"நான் கேக்கேன் அண்ணாச்சி" என்று சொல்லியிருக்கலாம்.

நான் என் டப்பாவை மூடி வைத்துவிட்டு, அந்தப் பக்கத்தைத் திறந்தேன். டீச்சர் புதிதாக எழுதியிருந்தார். அவசரப்படுத்தவில்லை. மறுபடி அழிந்துவிடுமோ என்று பயந்து, வேலை செய்யும்போதெல்லாம் பூனையை அறைக்கு வெளியே விட்டுக் கதவைச் சாத்துகிறாராம். அது கதவடியிலேயே உட்கார்ந்து கத்திக்கொண்டிருக்கிறதாம். கேட்கச் சகிக்கவில்லை என்று எழுதியிருந்தார். அதை அண்ணாச்சிக்குப் படித்துச் சொன்னேன்.

"வெளியவா போட்டுருக்காவ?" என்றார்.

"ஆமா."

"தனியாவா?"

"ஆமா அண்ணாச்சி."

"பாவம்லா" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தார். என்னை நகரச் சொல்லி, நாற்காலியில் உட்கார்ந்து, ஒற்றை விரலால் நிதானமாகத் தட்டினார். அவர் எழுதியதிலேயே சின்னப் பதில் அதுதான். 'சோதித்துவிட்டேன். சரியாகிவிட்டது. பூனையை உள்ளே விடுங்கள்.'

இங்க்ரிட் நன்றி சொன்னார், டீச்சர் நன்றி சொன்னார், முன்பு கேலி செய்தவர் ஒருவரும் வந்து நன்றி சொன்னார். அண்ணாச்சி எல்லாவற்றையும் என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். பிறகு புகாரின் தலைப்புக்குப் பக்கத்தில் 'மூடப்பட்டது' என்ற சொல் வந்தது. அண்ணாச்சி கீபோர்டைத் துடைத்து, துணியை மடித்து வைத்து, சாப்பாட்டு டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டார்.

அன்று சாயங்காலம் மதுரை பஸ்ஸில் ஏறினோம். அவர் ஜன்னல் ஓரம், நான் பக்கத்தில். பஸ் ராஜபாளையத்தைத் தாண்டுவதற்குள் அவர் தலை என் தோளில் சாய்ந்தது. எத்தனை நாள் தூக்கமோ, வாயைத் திறந்துகொண்டு குழந்தை மாதிரித் தூங்கினார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தது. "ஸ்ரீவில்லிபுத்தூர்லாம் எறங்கு" என்று கண்டக்டர் குரல் கொடுத்தார். எங்களைத் தினமும் பார்க்கிறவர். "நீங்க ரெண்டு பேரும் இங்கதான சார்? எழுப்புங்க அவர" என்றார். நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். எழுப்பினால் அந்த மாடிப்படியில் தனியாக ஏறிப்போய், விளக்கைப் போட்டுவிட்டு, சும்மா உட்கார்ந்திருப்பார்.

"கிருஷ்ணன்கோவிலுக்கு ரெண்டு டிக்கெட் குடுங்க" என்றேன். அடுத்து பஸ் நிற்கிற ஊர் அது.

கண்டக்டர் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு டிக்கெட்டைக் கொடுத்தார். பஸ் புறப்பட்டது. அவர் தூக்கம் கலையாமல் இருக்கட்டும் என்று தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன். அந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.